கடைசிக் குடித்தனம்

"இந்த வீட்டு ஓனரைப் புடிச்சு உள்ள வைக்கணும் மேடம்!" ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியைக் காலால் நகர்த்தியபடி சொன்னார் பெரியவர்.

நகராட்சியின் கட்டட ஆய்வாளர் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அதற்கென்றே காத்திருந்ததுபோல ஒரு பாளம் காரை பெயர்ந்து அவள் செருப்பின் மேல் விழுந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த இரண்டு வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

"மழை வந்தா வெளிய போய் நின்னுக்குவேன். அங்க கொஞ்சம் கம்மியா நனையலாம்" என்றார் பெரியவர். "ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். அதுக்கும் கதவு பாதிதான். எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டாள். கோப்பில் ஏற்கெனவே பத்தொன்பது புகார்கள் இருந்தன, அத்தனையும் ஒரே கையெழுத்தில். உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த பெயருக்குச் சொந்தக்காரர் செத்து முப்பது வருஷம். வாரிசு பெயரை யாரும் மாற்றி எழுதவில்லை.

"எல்லாப் புகாரும் நீங்க எழுதினதா ஐயா?"

"மத்தவங்க ஓனர் மனசு நோகுமேன்னு பார்த்தாங்க. நான் பார்க்கல. ரிப்பேர் பண்ண வக்கில்லாத ஆளு எதுக்கு மேடம் ஓனர்?"

புகாருக்குப் பலன் இருந்தது. குடியிருக்கத் தகுதியற்றது என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டி, போன மாதம் ஐந்து குடும்பங்களைப் புதுக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர் மட்டும் பாக்கி.

"மேல் ரூம் டெய்லர் மெஷினை மிதிச்சா இங்க என் டம்ளர் ஆடும். சண்டை போடுவேன். இப்ப டம்ளர் சும்மா கிடக்கு, எனக்குத்தான் கை ஆடுது." சிரித்துக்கொண்டார். "பக்கத்து ரூம் நர்ஸ் பொண்ணு டூட்டி முடிஞ்சு வந்து, 'பெருசு, உயிரோட இருக்கியா?'ன்னு கதவைத் தட்டிட்டுத்தான் தூங்கப் போவா. இப்பல்லாம் அந்தச் சந்தேகம் எனக்கே வந்துடுது."

ஆய்வாளர் தங்கியிருந்த அறையில் அப்படிக் கேட்க ஒரு பல்லிதான் இருந்தது. அதுவும் கேட்டதில்லை.

"அங்க புதுக் குடியிருப்புல, மூணாவது மாடியில அஞ்சு பேரும் வரிசையா இருக்காங்க மேடம். ஆறாவது வீடு காலி. போய்ப் பூட்டைக்கூட இழுத்துப் பார்த்துட்டு வந்தேன். நல்ல பூட்டு."

"அந்த வீட்டுக்கு எழுதிக் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று விண்ணப்பத்தை எடுத்தாள். "வாடகை எவ்வளவு குடுக்கறீங்க?"

நர்ஸின் டூட்டி நேரம்வரை நினைவில் வைத்திருந்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

"யாராவது கேட்டாத்தானே குடுக்கறதுக்கு!"

வாடகை வாங்கக்கூட எட்டிப் பார்க்காத ஓனர் போலிருக்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மளமளவென்று எழுதி, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஒரே ஒரு சிக்கல் ஐயா. நீங்க இங்க வாடகைக்கு இருந்தீங்கன்னு ஓனர் கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் அந்த ஆறாவது வீடு."

பெரியவர் முகத்தில் இருந்த குறும்பு மெல்ல வடிந்தது. "அது இல்லாம முடியாதா?"

"முடியாது. சொந்த வீடு வெச்சிருக்கறவங்க உள்ள புகுந்துடக் கூடாதுன்னுதான் இந்த விதியே."

அவர் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பயப்படறீங்க? அந்த ஆளு எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நானே போய்ச் சட்டையைப் புடிச்சு இழுத்து, கையெழுத்து வாங்கிட்டு வரேன்!"

பெரியவர் ஓரடி முன்னால் வந்து, பித்தான் போன தன் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"புடிங்க மேடம். ஓனர் சட்டை இதுதான்."