முதல் பேச்சு

மக்களவையில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனதிலிருந்து, "புருஷன் எழுதிக் கொடுத்ததைத்தானே இந்தம்மாக்கள் வாசிக்கிறார்கள்" என்று ஆண் உறுப்பினர்களுக்கு ஒரே பொருமல். அவர்கள் அடம்பிடித்துத்தான் புது மைக்குகள் வந்தன. சொந்தப் பேச்சு இல்லையென்றால் மைக் தானாக அணைந்துவிடும்.

உப்பளத்தில் வேலை பார்த்து உறுப்பினரான செலஸ்டினாவுக்கு, அந்த மைக்குகள் வந்த அன்றைக்கே முதல் பேச்சு. கணவர் ரெக்ஸ்லின் பழைய மேடைப் பேச்சாளர். பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். "ஏட்டி, ஒரு எழுத்து விடாம வாசிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அலைகடலெனத் திரண்டிருக்கும்..." என்று ஆரம்பித்தாள். மைக் அணைந்தது. எதிரே அமைச்சர்கள் வரிசையில் குபீரென்று சிரிப்பு.

செலஸ்டினாவுக்குச் சுருக்கென்றது. தாளை மடித்து வைத்தாள்.

"அது எங்க வீட்டுக்காரர் எழுதுனது. அவருக்கு உப்பளத்தப் பத்தி என்ன தெரியும்? வெடிச்ச கால்ல உப்புத்தண்ணி பட்டா எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். எங்க பொம்பளைகளுக்கு நல்ல பூட்ஸ் எப்பய்யா தருவீங்க?"

மைக் கணீரென்று ஒலித்தது. ரெக்ஸ்லின்தான் முதலில் கைதட்டினார்.

பதில் சொல்லத் தொழிலாளர் துறை அமைச்சர் கோப்போடு எழுந்தார். செயலாளர் எழுதிய பதில். முதல் வரியிலேயே மைக் அணைந்தது. பக்கத்தைப் புரட்டினார், மறுபடியும் அணைந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்தார், கோப்பை மூடினார், வெகுநேரம் யோசித்தார்.

"சரிம்மா... தந்திடறேன்."

மைக் கணீரென்றது. பன்னிரண்டு வருஷமாக அமைச்சராக இருப்பவருக்கு அதுதான் முதல் பேச்சு.