முதல் பிறந்தநாள் படம்

சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். அந்தப் படத்தைக் கழற்றித் தரும்படி அம்மா மகளிடம் சொன்னாள்.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு எடுத்த படம். அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை, பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி அப்பா.

மகளின் கணவன் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வந்து மூன்று நாளாகியும் வாயைத் திறந்தால், அவருக்கு வேலை அதிகம், அடுத்த முறை வருவார் என்றுதான் வந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே நிம்மதி மகள் நன்றாக வாழ்கிறாள் என்பதுதான். அதில் கைவைக்க மனம் வரவில்லை.

படத்தில் அப்பா எவ்வளவு பெருமையாக நிற்கிறார் என்று பேச்சுக்குச் சொல்லி வைத்தாள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்றாள்.

இளவயதில் அம்மா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவள். பருவை அழிப்பாள், மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். இல்லாத புருஷனை வரவழைப்பதும் அந்த வேலையில் சேரும் என்பது மகளுக்குத் தெரியாது.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது அப்பா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிறந்தநாளன்று ஸ்டூடியோ முதலாளியைப் பின்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். அப்பாவின் ஆபீஸ் குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் பிளேடால் எடுத்து ஒட்டினாள். ஓரத்தைத் தூரிகையால் சரிசெய்து, மறுபடி படமெடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று அனுப்பினாள்.

ஆக, கழுத்துக்குக் கீழே முதலாளி.

ஒன்றரை வருடம் கழித்து அப்பா திரும்பி வந்தார். சுவரில் தன்னைப் பார்த்தார். சட்டை நன்றாக இருக்கிறது என்றார். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. யாருமே கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டாள்.

அம்மா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் மூக்கின் நிழலும் குழந்தை மூக்கின் நிழலும் இடப்பக்கம் விழுந்திருந்தன. அப்பாவுடையது வலப்பக்கம். நாற்பது வருடமாகக் கூடத்தில் தொங்கியது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த போனை எடுத்து, மகள் மாதாமாதம் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பூங்கா, மொட்டைமாடி, ஆற்றுப்பாலம். எல்லாவற்றிலும் மகளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

"முடி ஓரமெல்லாம் சுத்தமாத்தான் வெட்டி ஒட்டியிருக்க. ஆனா எட்டு மாசமா மாப்பிள்ளைக்கு நிழலே விழலையேடி."

சொல்லிவிட்டு, வெள்ளையடிக்கிறவரை உள்ளே கூப்பிட்டாள்.