நாலாவது பாட்டுக்கு அர்த்தம்

"யாருங்க வாத்தியாரே, இந்தப் பாட்டுப் பாடறது?"

அருள்பிரகாஷ் திடுக்கிட்டு டேப் ரிக்கார்டரை நிறுத்தினான். வாசலில் அப்துல் நாசர் பாய் நின்றுகொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் பேளுக்குறிச்சியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து, வாழவந்தி நாடு என்னும் மலையூரில் மிளகு வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி. அவருடைய குடோனுக்குப் பின்னால் இருந்த அறையில்தான் அருள் குடியிருந்தான். கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து அவன் மலைக்கு வந்து எட்டு மாதமாகியும், பாய் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சத்தம் அதிகமாயிருச்சுங்களா பாய்? கொறச்சுக்கறேனுங்க."

பாய் சுவரைப் பார்த்தார். அங்கே அருள் கரியால் வரைந்த ஆளுயர மைனா ஒன்று அலகில்லாமல் நின்றது. 'அயர்ன் மைனா' என்கிற பெங்களூர் ராக் குழுவின் சின்னம் அது.

பாய்க்குப் பாட்டு என்றாலே ஆகாது, வீட்டில் ரேடியோகூடக் கிடையாது என்று மூட்டை தூக்கும் சென்றாயன் முன்பே சொல்லியிருந்தான். இந்த அறையை விட்டால் ஊரில் வேறு இடமில்லை. அடிவாரத்திலிருந்து தினமும் எழுபது வளைவு ஏறி இறங்க வேண்டியதுதான்.

இது கெட்ட பாட்டு இல்லை என்று அவருக்குப் புரியவைத்துவிடுவது என்று முடிவு செய்தான். அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது. குழுவின் இரண்டு கேசட்டிலும் இருந்த ஒவ்வொரு வரிக்கும் உள்ளர்த்தம் கண்டுபிடித்து, ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தான். அலகில்லாத மைனா என்பது வாயடைக்கப்பட்ட மனித குலம் என்றான். அட்டைப் படத்தில் பாடகனின் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிவதும், பெயர் வெறும் 'டி.ஏ.' என்று இருப்பதும் புகழைத் துறந்துவிட்டதற்கு அடையாளம் என்றான்.

பாய் அட்டையை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த முதுகை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை மறுபடி வந்தார். போன தடவை ஓடிக்கொண்டிருந்த நாலாவது பாட்டையே திரும்பப் போடச் சொன்னார். இங்கிலீஷ் தெரியாத மனிதர், நின்றபடியே கடைசிவரை கேட்டுவிட்டு, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒருவன் மழையில் நனைந்துகொண்டு ஒரு வீட்டுக்கு வருகிறான், மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறான், பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறான். பாட்டு அவ்வளவுதான்.

"கதவைத் தட்டினேன்னு பாடறானுங்களா, தட்டலைன்னு பாடறானுங்களா?"

"தட்டாமத் திரும்பிட்டேன்னு வருதுங்க. ஆனா அது நெசக் கதவு இல்லீங்க பாய். கடவுளோட வாசல். மனுசன் அதுவரைக்கும் போறான், நம்பிக்கை பத்தாமத் திரும்பிடறான். மழைங்கறது அவன் பண்ணின பாவம்."

"மழை வெறும் மழையா இருக்கக் கூடாதுங்களா?"

அருளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, குறியீடு என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினான். பாய் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பாடுகிறவன் கோபமாகப் பாடுகிறானா என்றார். ஆமாம், சமுதாயத்தின் மேலும் கடவுளின் மேலும் பெரிய கோபம் என்றான் அருள். பாயின் முகம் சுருங்கிப் போயிற்று.

"கோவம்னு வாயைத் திறந்து எங்காச்சும் சொல்றானுங்களா?"

அருள் நோட்டைப் புரட்டினான். முதலிலிருந்து கடைசி வரை தேடியும் அப்படி ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"இல்லீங்க. நின்னேன், காத்திருந்தேன்னுதான் வருதுங்க."

பாய் தலையாட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை அவர் வந்தபோது கையில் ஓர் இன்லாண்ட் லெட்டர் இருந்தது. கேசட்டு போட்டவர்களுக்கு விலாசம் இருக்கிறதா என்று கேட்டார். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் பெங்களூர் விலாசம் இருக்கத்தான் செய்தது. அருளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கெடுக்கிறார்கள், பாட்டில் கடவுளை இழுக்கிறார்கள் என்று கண்டித்து எழுதப் போகிறார். எல்லாம் அவன் கொடுத்த விளக்கத்தால் வந்தது.

"அவங்க மேல ஒண்ணும் புகார் எழுதாதீங்க பாய். நல்ல ஆளுங்க. வேணும்னா நான் ரூமைக் காலி பண்ணிக்கறேனுங்க."

பாய் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவன் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கடுதாசி எழுத வராது வாத்தியாரே. நீங்களே எழுதுங்க. நான் சொல்றதை மட்டும் எழுதினாப் போதும், அர்த்தம் ஒண்ணும் சேர்க்க வேண்டாம்."

அருள் மனசில்லாமல் விலாசத்தை எழுதி முடித்து, தாளை விரித்து வைத்துக்கொண்டான்.

"எப்படி ஆரம்பிக்கட்டுங்க? 'டியர் சார்'னு போட்டுரலாமுங்களா?"

"தமிழ்லயே எழுதுங்க. 'மகன் தவ்பீக்குக்கு அத்தா எழுதறது'ன்னு போடுங்க."

அருள் பேனாவை நிறுத்தி, அட்டையிலிருந்த 'டி.ஏ.' என்ற எழுத்துகளைப் பார்த்தான். பாய் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார்.

"'அன்னைக்கு மழையில நீ தட்டுவே, தட்டுவேன்னு கதவுக்கு உள்பக்கம் நானும் நின்னுட்டுத்தான் இருந்தேன்.'"