கண் வருத்தம்

"அம்மா, வெள்ளைக்காரத் துரைக்குப் பிறந்தனான் எண்டு நீங்கள் லோயரிட்டை வந்து ஒரு சத்தியக்கடதாசி குடுத்தாக் காணும். மிச்சத்தை அவர் பாப்பார்."

சொல்லிவிட்டு நாகேந்திரம் தலையைக் குனிந்துகொண்டான். பெற்ற தாயிடம் எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடாததைக் கேட்டாயிற்று. பக்கத்து வீட்டு நஸீறா வைத்துவிட்டுப் போன தேநீர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையின் அந்த வாடகை அறையில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. ஆனாலும் அம்மா நேசமலர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"உந்தக் கதை இப்ப என்னத்துக்குத் தம்பி?"

"உங்கட பேரன் துஷ்யந்தனுக்காகத்தான். முந்தநாளும் வெள்ளவத்தையில ஆமி சுத்திவளைச்சு அவனைப் பிடிச்சது. இது மூண்டாந்தரம் அம்மா. இனியொருக்காப் பிடிச்சா விடுவாங்கள் எண்டு என்ன நிச்சயம்? என்ர தாய்வழிப் பாட்டன் இங்கிலாந்தில பிறந்தவர் எண்டு காட்டினா எனக்கு விசா கிடைக்குமாம். பதினெட்டு வயசுக்கு முன்னமெண்டா அவனையும் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

"உன்ர பாட்டன் வினாசித்தம்பி கிளாக்கர்."

"ஊர் அப்பிடிச் சொல்லேல்லையே."

ஊர் சொன்னது அவனுக்கு மனப்பாடம். வினாசித்தம்பி வேற்றூரிலிருந்து வந்து கலியாணம் முடித்து, கையோடு மனைவியைத் தான் கணக்கெழுதிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனவர்; காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். வயிற்றுப் பிள்ளையோடு தனியே யாழ்ப்பாணம் திரும்பியவள் பூனைக்கண்ணோடு ஒரு பெண்ணைப் பெற்றாள். போதாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'தோட்டத்துத் துரையின்ர சாயல்' என்று தொடங்கிய பேச்சு, அந்தப் பெண் கலியாணம் கட்டி நாகேந்திரத்தைப் பெற்று வளர்த்த பின்னும் ஓயவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்காக அவன் ஆட்களோடு அடிபட்டிருக்கிறான். வளர்ந்து கொழும்பில் உத்தியோகம் கிடைத்ததும் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தான். பெண் வீட்டார் வரவிருந்த அன்று புறக்கோட்டையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி அம்மாவின் கையில் வைத்தான். "அம்மாவுக்குக் கண் வருத்தம்" என்று வந்தவர்களிடம் சொன்னான். கலியாணம் முடிந்ததும், "வெள்ளவத்தைக் கடற்காற்று அந்தக் கண்ணுக்கு ஆகாது" என்று இங்கே கொண்டுவந்து விட்டான். கொட்டாஞ்சேனைக்கும் கடல் கூப்பிடு தூரம்தான் என்பதை மனைவியும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

எதை மறைக்கக் கண்ணாடி வாங்கினானோ, அதற்கே இன்று சத்தியம் கேட்டு வந்து நிற்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"பதிவைப் பாக்கலாமே" என்றாள் அம்மா.

"யாழ்ப்பாணத்தில உங்கட பிறப்புப் பதிவு இருந்த புத்தகம் சண்டையில எரிஞ்சுபோச்சாம். துரையின்ர விபரத்தைத் தோட்டத்துப் பழைய பதிவுகளில லோயர் தேடி எடுத்துப்போட்டார். தகப்பன் ஆரெண்டு சொல்ல நீங்கள் ஒராள்தான் மிச்சம். அம்மம்மா சாகேக்க உங்களிட்டைச் சொன்னவ எண்டு கடதாசியில எழுதியிருக்கு."

"என்ர அம்மா அப்பிடிச் சொன்னவவோ?"

அவன் கதிரையின் பிரம்பு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்கு அடிச்சவங்களோ?"

"ஓம். ஒரு பக்கக் காது இன்னும் சரியாக் கேக்குதில்லை."

அம்மா ஆறிய தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எப்ப வரவேணும்?"

"நாளைக்கு அம்மா. புதுக்கடைக்கு, லோயரிட்டை. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"வாறன். துரைக்குத்தான் பிறந்தனான் எண்டு சொல்லுறன். எந்தக் கோயில்ல கற்பூரம் அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறன்."

நாகேந்திரத்துக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் ஊர் சொன்னது உண்மைதான். அவன் கண்ணாடி வாங்கியதும் பெரிய பிழையில்லை. அப்படி நினைத்து ஆறுதல் பட்டதற்காகவும் வெட்கப்பட்டான், ஆனாலும் ஆறுதல் ஆறுதல்தான்.

அம்மா கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேசை இழுத்துத் திறந்தாள். சேலை மடிப்புக்குள்ளிருந்து மட்டையில் ஒட்டிய பழைய படமொன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"முதல் வேலையா இதைக் கொளுத்திப்போடு. ஆரும் கண்டா காரியம் கெட்டுப்போம்."

துரையின் படமாக்கும், வெட்கத்தில்தான் கொளுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தான். "இவ்வளவு காலமும் ஏன் அம்மா ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"ஒளிக்கேல்லை ராசா. உன்ர பொம்பிளை வீட்டாருக்குக் காட்டவெண்டு ஊரெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வந்தனான். அண்டைக்குத்தான் நீ கண்ணாடியோட வந்து நிண்டாய்."

நாகேந்திரம் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

கலியாணக் கோலத்தில் அம்மம்மா இருந்தாள். பக்கத்தில் தலைப்பாகையும் கோட்டுமாக நின்ற வினாசித்தம்பி கிளாக்கரின் கறுத்த முகத்திலிருந்து, அம்மாவின் அதே பூனைக்கண் இரண்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.