வேண்டாம் என்றவர்கள்

அந்தச் சமூக ஊடகத் தளத்துக்கு முதலாளி கிடையாது. பிளாக்செயினில் ஓடும் அதில் எதை நீக்குவதானாலும் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் முடிவு செய்வார்கள். கணவனின் உடலுக்காகப் பிணவறை வாசலில் காத்திருந்த ரெஜினா வாய்விட்டு அழுததை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். கேலி வரிகளோடு அது சுற்றி வந்தது. மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் கண்ணில் படுவதற்குள் நீக்கச் சொல்லி ரெஜினா மனுப் போட்டிருந்தாள்.

“நாலாயிரம் பேர் எடுக்கச் சொல்லிருக்காங்க புள்ள. எடுக்க வேணாம்னது பதினோரு பேருதான்,” என்றாள் உடன் வேலை பார்க்கும் பரிமளா.

நண்பகலில் முடிவு வந்தது. படம் அங்கேயே இருக்கும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவனிடம் தொண்ணூறாயிரம் வாக்குகள் இருந்தன. ஒவ்வொரு மனுவையும் படிக்க நேரமில்லாதவர்கள், சேரும்போதே தங்கள் வாக்கை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

“யாரு அந்த மகராசங்க? பேரைப் பாப்போம், கீழ தள்ளு,” என்றாள் பரிமளா.

அவனிடம் வாக்கை ஒப்படைத்தவர்களின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருந்தது. அங்கே எதுவும் ரகசியமில்லை. அகரவரிசையில் இறங்கிய ரெஜினாவின் விரல் ‘ர’வில் நின்றது. அவள் பெயரும் இருந்தது. சேர்ந்த அன்று, இதையெல்லாம் யார் படிப்பது என்று ஒரு கட்டத்தைத் தொட்டிருந்தாள். மனுப் போட்டவள் வாக்கும் போட வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

“இவங்கல்லாம் புள்ள பெத்தவங்கதானா?” என்று பரிமளா எட்டிப் பார்த்தாள்.

ரெஜினா கட்டைவிரலால் தன் பெயரை மூடிக்கொண்டாள்.