நாற்பதாயிரம் வரை

உப்பளத்தில் வேலை செய்யும் இசக்கியம்மாளின் இயந்திரக் காலில் இருந்த சிப்பை உப்பு தின்றுவிட்டது. அரசு மருத்துவமனையில் கால் பழுது பார்க்கும் மரியசெல்வி புதுச் சிப் மாட்டினாள். அதோடு வந்த புரோகிராம், ஈரத்தைக் கண்டதும் "தரை பாதுகாப்பற்றது" என்று முழங்காலைப் பூட்டிக்கொண்டது.

கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டதற்கு, "உப்பளத்துல யாரும்மா நடக்கச் சொன்னா?" என்றான்.

"உப்பு கேக்குற உங்க வீட்டுக் குழம்புதான்" என்று மரியசெல்வி போனை வைத்தாள்.

"பழசையே போட்டுரு தாயி. திங்கக்கிழமை நான் உப்புப் பாத்தியில எறங்கலன்னா வேற ஆளப் போட்ருவாவ" என்றாள் இசக்கியம்மாள்.

முப்பது வருஷம் ஓடிய பழைய புரோகிராமையே மரியசெல்வி புதுச் சிப்பில் ஏற்றினாள். கால் எகிறி உதைத்தது.

"என்ன இது, கோழி மாதிரி சீய்க்குது?"

மரியசெல்வி வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நாற்பதாயிரம் வரை சும்மா எண்ணச் சொல்லியிருந்தது. எந்தச் சோம்பேறி எழுதினானோ என்று திட்டினாள். பிறகுதான் உறைத்தது. பழைய சிப் அதை எண்ணி முடிக்க அரை நொடி ஆகும். புதுசு இமைக்குமுன் முடித்துவிடுகிறது. பாதம் சேற்றில் புதைந்து நிலைகொள்ளத் தேவையான அரை நொடி அது. எழுதிய ஆள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதவில்லை, பாத்தியில் இறங்கிப் பார்த்திருக்கிறான்.

புதுச் சிப் ஆயிரம் மடங்கு வேகம்; நாற்பதாயிரத்தை நாலு கோடியாக்கினாள். தொட்டியில் உப்புச்சேற்றைக் கொட்டி, "எறங்குங்கம்மா" என்றாள்.

கால் சேற்றில் பதிந்தது, காத்திருந்தது, நடந்தது.

"எழுதுன மவராசன் யாரு தாயி?"

புரோகிராமில் எங்கும் பெயர் போடவில்லை. மரியசெல்வி அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: "வெட்டி வேலை என்று இதை யாரும் அழிக்காதீர்கள். இசக்கியம்மாள் இதில்தான் நிற்கிறார்."