எட்டாம் நாள் காய்ச்சல்

குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்றதும் இன்னாசிமுத்து சிரித்தார்.

கண்ணையனுக்கு அவர் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது.

இன்னாசிமுத்து அம்மை குத்துகிற சர்க்கார் மனிதர். புதுச்சேரியிலிருந்து சைக்கிளில் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வருவார். போன வாரம் இதே களத்துமேட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கையை நீட்டவில்லை. ஆத்தா போடுகிற முத்தை மனுசன் போடுவதாவது!

கண்ணையனும் ஒதுங்கித்தான் நின்றான். அவன் பெண்சாதி அமுதம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பதினோரு மாதக் குழந்தை தனக்கொடியின் கையை நீட்டினாள்.

அந்த ஒரு கையில் கீறிவிட்டு, எட்டாம் நாள் வருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் கீறின இடம் சிவந்தது. ஏழாம் நாள் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

போன கோடையில் அம்மை கண்டு செத்துப்போன மூத்த மகனின் உடம்பும் முதலில் இப்படித்தான் கொதித்தது. கண்ணையனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டியேடி!" என்று கத்தினான்.

அமுதம் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தானும் ஒரு கும்பா கஞ்சி குடித்தாள். படுத்ததும் தூங்கிப் போனாள்.

கல் நெஞ்சுக்காரி என்றது தெரு. கண்ணையனுக்கும் அப்படித்தான் பட்டது.

இதோ, இப்போது ஊரே களத்துமேட்டில் நிற்கிறது. சாமியாடி சாமிநாதன்கூட வேப்பிலையும் கையுமாக வந்துவிட்டார்.

இன்னாசிமுத்து குழந்தையின் கையில் சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தார்.

நடுவில் குழி விழுந்து, பால் கட்டி, ஒரே ஒரு கொப்புளம். சுற்றிலும் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். வேறெங்கும் ஒரு பொட்டு இல்லை.

"பலே! நல்லா புடிச்சிருக்குது!" என்று அவர் துள்ளாத குறையாகக் கூவினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இத பாருங்கப்பா. ஒடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு அம்மையோட மொகம் தெரியாது. அதனாலதான் அது வந்தா அசந்துடுறாங்க. நான் உள்ள வுட்டது அம்மை இல்ல. அதே சாயல்ல இருக்குற சோப்ளாங்கி. அவன உருட்டிப் பெரட்டி மொகத்த நல்லா பாத்துக்கிட்டாங்க. அந்தச் சண்டையோட சூடுதான் இந்தக் காய்ச்சல். ரெண்டு நாள்ல எறங்கிடும். நாளைக்கு நெசமான திருடன் வந்தான்னு வெய்யி, வாசப்படியிலேயே மடக்கிடுவாங்க. பாத்த மொகத்த லேசுல மறக்கமாட்டாங்க."

தனக்கொடி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

சாமிநாதன்தான் முதலில் சிரித்தார். பிறகு களமே சிரித்தது.

எதிர் வீட்டு ஆதிலட்சுமி தன் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் நாலு பேர். நாலு பேர் பின்னால் நாற்பது பேர். சாமிநாதன் வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். கண்ணையனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். மார்பின் மேல் ஒரு வருடமாகக் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தாற்போல இருந்தது அவனுக்கு.

அவன் முறை வந்து, கீறி முடித்ததும், இன்னாசிமுத்து அமுதத்தைப் பார்த்தார்.

"நீயும் வாம்மா. ஊருக்கே வழி காட்டின கை அது. அதுக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

அமுதம் சற்றுத் தயங்கினாள். பிறகு குழந்தையைக் கண்ணையனிடம் கொடுத்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

காலணா அகலத்தில் வட்டமான தழும்பு. பக்கு உதிர்ந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது.

"எனக்கு ஆயிடுச்சுங்க ஐயா. போன மாசம் வில்லியனூர்ல எங்க அக்கா வூட்டுக்குப் போனப்ப, அங்க ஆஸ்பத்திரியில குத்திக்கிட்டேன்."

கண்ணையன் குனிந்து தழும்பைப் பார்த்தான். அங்கிருந்து திரும்பிய வாரம் இரண்டு நாள் சுருண்டு கிடந்தாளே, வெயிலில் நடந்து வந்த சூடு என்றாளே!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா வுட்டிருப்பியா நீ?" என்றாள் அமுதம். "எனக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துக்கினுதான் புள்ள கைய நீட்டினேன்."